விசில் அடிக்கும் ஆல்டர்னேட்டரும் ஜே.சி. ரோடு வைத்தியமும்

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும் ஏதாவதொரு பழைய வாடகைக் காரில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓட்டுநரின் செல்பேசி சார்ஜரில் செருகியிருக்கிறது. அதே செல்பேசியிலிருந்து ஆக்ஸ் ஒயர் வழியாகப் பாட்டு ஓடுகிறது. பாட்டுக்குப் பின்னால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு விசில். வண்டி நகர்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த விசிலும் சுருதி ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சட்டென்று அமைதி. மறுபடி செருகினால் மறுபடி விசில். பாட்டா, சார்ஜா என்று சவாரிக்குச் சவாரி முடிவெடுக்கக் கற்றுக்கொண்ட ஓட்டுநர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

2022-க்கான டாம்டாம் போக்குவரத்துக் கணக்கெடுப்பு, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்க சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆகிறது என்றது. உலகின் மெதுவான நகர மையங்களின் பட்டியலில் லண்டனுக்கு அடுத்த இடம். நின்று நின்று நகரும் காரில் டயர் சத்தமும் இல்லை, காற்றுச் சத்தமும் இல்லை. மற்ற ஊர்களில் நெடுஞ்சாலை இரைச்சலில் அமுங்கிப்போகும் விசில், இங்கே பயணம் முழுக்கக் கூடவே வருகிறது. அதனால்தான் ஜே.சி. ரோட்டில் இதற்கு வைத்தியம் தேடி வருகிறவர்கள் குறைவதில்லை.

மைசூரின் கடைசி மன்னர் ஜயசாமராஜேந்திரர் பெயரைத் தாங்கிய அந்தச் சாலையில், டவுன் ஹால் பக்கமிருந்து மினர்வா சர்க்கிள் வரை கார் உதிரி பாகம், சீட் கவர், ஸ்டீரியோ, ஊஃபர் என்று வரிசை கட்டிய கடைகள். ரவீந்திர கலாக்ஷேத்திரத்தில் அரங்கேற்றம் நடக்கும் மாலையில், அதற்குச் சற்றுத் தள்ளி நடைபாதையோரம் டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒரு பையன் ஒயர் தேடிக்கொண்டிருப்பான். கன்னடம், தமிழ், உருது மூன்றும் கலந்த பேச்சு. “விசில் வருதுண்ணா” என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்: “ஒரு ஃபில்டர் போட்டா சரியாயிடும் சார்.”

இந்தப் பதிலைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. அது பொய் இல்லை. பல நேரம் விசில் நின்றும் விடுகிறது. ஆனால் நின்றது எப்படி, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்ற கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

விசில் எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்க்கலாம். காரின் ஆல்டர்னேட்டர் தயாரிப்பது மூன்று கட்ட மாறுமின்சாரம். உள்ளே இருக்கும் 6 டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. அந்த நேர்மின்சாரம் கண்ணாடித் தரை மாதிரி வழவழப்பாக இருக்காது. மேலே சின்னச் சின்ன அலைகள் மிச்சமிருக்கும். சாதாரணமான 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகளை விடும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடுகிறது, பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது விநாடிக்கு 1,200 அலைகள். எஞ்சின் 3,000 சுற்றைத் தொட்டால் அது 4,500 ஆகும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். விசில் நேராக அந்த வாசலுக்குள்ளேயே வந்து நிற்கிறது. அளவில் அற்பமானாலும் எரிச்சல் பெரிதாக இருப்பது இதனால்தான்.

அலை பேட்டரியில் இருந்தால் மட்டும் ஸ்பீக்கருக்கு வந்துவிடாது. வழி வேண்டும். பெரும்பாலும் அந்த வழியைத் திறந்துவிடுவது எர்த். ஸ்டீரியோவுக்கு டேஷ்போர்டின் பின்னால் ஓர் எர்த், டிக்கியில் உட்கார்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அங்கேயே பாடியில் இன்னோர் எர்த். இரண்டும் ஒரே இரும்புதானே என்று கண்ணுக்குத் தோன்றும். மின்சாரத்துக்கு அப்படி இல்லை. ஹெட்லைட், ரேடியேட்டர் விசிறி, ஏ.சி. எல்லாமே பாடி வழியாகத்தான் தங்கள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டு எர்த் புள்ளிகளுக்கு நடுவே ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்து, அதில் 30 ஆம்பியர் ஓடினால் 30 மில்லிவோல்ட் வித்தியாசம் எழும். பாட்டைச் சன்னமாக வைத்தால் ஸ்டீரியோ வெளியே அனுப்பும் சிக்னலே நூறு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக இருக்கலாம். இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் ஆர்சிஏ ஒயரின் மேல்வலை இந்த வித்தியாசத்துக்குப் பாலமாகிறது. அந்த வித்தியாசத்தில் கலந்திருக்கும் அலையை ஆம்ப் பாட்டோடு பாட்டாகப் பெருக்கித் தருகிறது. வாடகைக் காரில் சார்ஜரின் எர்த்தும் ஆக்ஸ் ஒயரின் எர்த்தும் சேர்ந்து செய்ததும் இதே வளையம்தான். சார்ஜரைப் பிடுங்கியபோது வளையம் அறுந்தது.

ஃபில்டர் என்று கடையில் கொடுப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஒன்று, ஸ்டீரியோவின் மின் ஒயரில் போடுவது: ஒரு சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது. மின் ஒயர் வழியாக அலை நுழைந்தால் இது அடக்கும். எர்த் வளையத்தை இது ஒன்றும் செய்யாது. மற்றொன்று, ஆர்சிஏ ஒயரின் நடுவே செருகும் சின்னப் பெட்டி. உள்ளே சேனலுக்கு ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். சிக்னல் காந்தப்புலமாகக் கடந்துபோகும், எர்த் தொடர்பு மட்டும் அறுந்துவிடும். வளையத்தை உடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. விசில் நிற்கும்போது வாடிக்கையாளர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியும் உண்மையானதே. இரண்டில் எது தேவை என்று பார்க்காமலே கையில் கிடைத்ததை மாட்டுவதும் நடக்கிறது. முதல் வகை பலிக்காவிட்டால் இரண்டாவது வரும், அவ்வளவுதான்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், பேஸில். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கரு சுமக்க வேண்டிய காந்தப் பாயம், அதிர்வெண் இறங்க இறங்கக் கூடும். 200 ஹெர்ட்ஸில் சுமப்பதைப்போல் 5 மடங்கை 40 ஹெர்ட்ஸில் சுமக்க வேண்டும். சில நூறு ரூபாய்ப் பெட்டிக்குள் இருக்கும் சுண்டைக்காய்க் கருவுக்கு அந்தத் தெம்பு கிடையாது; நிறைந்துபோய் ஒலியைக் கிழிக்கும் அல்லது மழுக்கும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி எழுப்புவது சுமார் 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் நடக்கும் நடைக்காகவே பத்தாயிரக் கணக்கில் செலவழித்து ஊஃபர் வாங்கியவர், அந்த நடையைச் சில நூறு ரூபாய்ப் பெட்டியிடம் பறிகொடுக்கிறார். பிறகு பேஸ் போதவில்லை என்று இன்னும் பெரிய ஊஃபர் பார்க்கத் திரும்பவும் ஜே.சி. ரோடு வருகிறார். நல்ல கருவோடு செய்த டிரான்ஸ்ஃபார்மர்கள் உலகில் உண்டு. இசைப்பதிவுக் கூடங்களில் அவை காலங்காலமாக உழைக்கின்றன. அவற்றின் விலைக்கு இன்னொரு ஆம்ப் வாங்கிவிடலாம்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கும் முறை. புது விஷயம் இல்லை, கார் ரேடியோ அளவுக்குப் பழையது. 1930-இல் சிகாகோவின் பால் கால்வின், வில்லியம் லியர், எல்மர் வேவரிங் மூவரும் காரில் ரேடியோ வைக்கப் போராடியபோது முதல் எதிரி ஸ்பார்க் பிளக்கின் பொறிதான். இரைச்சலின் ஊற்றுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடக்கிய பிறகே ரேடியோ பாடியது. அந்த ரேடியோவின் பெயர்தான் மோட்டோரோலா. இதில் ஒரு வேடிக்கை: கார்களுக்கு ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்த முன்னோடிகளில் அதே வேவரிங்கும் ஒருவர். பொறியின் சத்தத்தை அடக்கியவர் கையாலேயே விசிலும் வந்து சேர்ந்தது. பிளக் பிரச்சினையோ அனேகமாகத் தீர்ந்துவிட்டது. இப்போதைய பிளக்குகளுக்குள்ளேயே சுமார் 5,000 ஓம் தடை வைத்துவிடுகிறார்கள். பல பிளக்குகளின் எண்ணில் வரும் ஆர் என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது. மைக்கோ என்ற பெயரில் பல காலம் பிளக் தயாரித்த ஊர்க்காரர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கழித்துப் பார்ப்பதில் முதல் வெட்டு ஆம்ப் வாசலில் விழ வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்சிஏ ஒயர்களைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்பின் சிக்னல் வாயை ஷார்ட் பிளக்கால் அடைத்துவிட்டு எஞ்சினை ஓட விட வேண்டும். விசில் இன்னும் இருந்தால் குற்றம் ஆம்ப் பக்கம்: அதன் மின்சாரம், எர்த், அல்லது ஸ்பீக்கர் ஒயர். விசில் போய்விட்டால் குற்றம் முன்பக்கம். அடுத்து, சார்ஜரில் போடாத செல்பேசியையோ சின்ன எம்.பி.3 பெட்டியையோ நேராக ஆம்ப்பில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தன் பேட்டரி மட்டும்தான், காரோடு எர்த் உறவு இல்லை. பாட்டு சுத்தமாக வந்தால் ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வளையம் என்று அறுதியிட்டுவிடலாம். பிறகு ஆன்டெனாவைக் கழற்றிப் பார்ப்பது, ஸ்டீரியோவின் எர்த்தை மாற்றிப் பார்ப்பது என்று போகலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பதுதான் இதில் முழு ரகசியமும். இரண்டு வெட்டுக்குள் காரின் முக்கால்வாசி சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிடும்.

தெரு வழக்கம் சறுக்குவதும் இங்கேதான். எர்த் போல்ட்டை மாற்றி, ஒயரை இழுத்துக் கட்டி, ஃபில்டரையும் மாட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு எஞ்சினைப் போடுகிறார்கள். விசில் இல்லை. எதனால் போனது? யாருக்கும் தெரியாது. ஒருவேளை போல்ட்டுக்கு அடியிலிருந்த பெயின்டைச் சுரண்டியதே போதுமாக இருந்திருக்கும். ஆனால் ஃபில்டர் அந்தக் காரின் ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும்.

அளந்து பார்க்கும் பழக்கம் இல்லாததை இதைவிடப் பெரிய குறையாகச் சொல்லலாம். ஜே.சி. ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு; அங்கே மல்டிமீட்டர் இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை ஏ.சி. அளவில் வைத்தால் ஆரோக்கியமான ஆல்டர்னேட்டர் சில பத்து மில்லிவோல்ட் காட்டும். அரை வோல்ட் காட்டினால் உள்ளே டையோடு போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்தக் காரில் ஃபில்டர் மாட்டுவது, புகை மணியின் வாயை அடைத்துவிட்டு அடுப்படியில் என்ன கருகுகிறது என்று பாராமல் தூங்கப் போவதற்குச் சமம். விசில் அடங்கும், ஒரு காலையில் வண்டி கிளம்பாது. அதேபோல, பாட்டைப் பலமாக வைத்துக்கொண்டு ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே டி.சி. அளவில் பார்த்தால், கால் வோல்ட்டைத் தாண்டும் எர்த் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். தாமிரம் என்று சொல்லி விற்கும் தாமிரப் பூச்சு அலுமினிய ஒயர்களும் இதில் மாட்டும். அதே தடிமனில் அவற்றின் தடை தாமிரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஒரு இழையை பிளேடால் சுரண்டி வெள்ளை தெரிகிறதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம்.

சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் எந்தத் தராசிலும் வைக்க முடியாது. பூச்சுப் பூசிய மரையில் மின்தொடர்பும் சுமார், உயிர் காக்கும் போல்ட்டின் இறுக்கமும் போச்சு. அது தவறு, அவ்வளவுதான்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு ஜே.சி. ரோட்டுக்காரர்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். அவர்கள் காதில் இருக்கும் படிப்பு சாதாரணமானதில்லை. ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்குவது ஆல்டர்னேட்டர் விசில், எஞ்சினை அணைத்தும் தொடரும் ‘ஸ்ஸ்’ஸென்ற ஒலி ஆம்ப்பின் பெருக்க அளவான கெயினைத் தேவைக்கு மேல் திருகியதால், வைப்பர் போட்டால் வரும் கரகரப்பு மோட்டாரால், எஃப்.எம். மட்டும் மங்கினால் டேஷ்கேமையோ மலிவு யு.எஸ்.பி. சார்ஜரையோ பிடுங்கிப் பார். இதெல்லாம் மீட்டர் இல்லாமல் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரு பிரபல மாடலில் எந்த கிளிப் உடையும், எந்த ஸ்டீரியோவின் ஆர்சிஏ எர்த்துக்குள் இருக்கும் மெல்லிய ஃபியூஸ் எரிந்துபோகும் என்பதும் தெரியும். அப்படி எரிந்த பெட்டிக்கு, ஆர்சிஏ முனையின் வெளி வளையத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி ஸ்டீரியோவின் முதுகில் ஸ்க்ரூ போட்டுவிடுகிறார்கள். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அறுந்த தொடர்பை அறுந்த இடத்திலேயே சேர்ப்பதால், ஃபில்டரைவிட இது நேர்மையான வைத்தியம்.

ஏட்டு முறையிலும் ஓட்டைகள் உண்டு. “ஆர்சிஏ ஒயரையும் பவர் ஒயரையும் காரின் எதிரெதிர் பக்கமாக இழு” என்பது பாடத்தின் முதல் வரி. நல்ல பழக்கம்தான், கெடுதல் இல்லை. ஆனால் குற்றவாளி எர்த் வளையமாக இருந்தால் ஒயரை எந்தப் பக்கம் இழுத்தும் பயனில்லை. கார்ப்பெட்டைப் பிரித்து அரை நாள் வீணாகும். “எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் எர்த் செய்” என்பது அடுத்த வரி. ஸ்டீரியோவின் எர்த்தை டிக்கி வரை இழுத்து வந்து கட்டினாலும், அதன் உலோக உடம்பு பிராக்கெட் வழியாகவும் ஆன்டெனா ஒயரின் மேல்வலை வழியாகவும் முன்பக்கம் பாடியைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒரே புள்ளி என்பது வரைபடத்தில் மட்டும். அதோடு, கெயினைக் குறைக்கச் சொல்லும் எளிய அறிவுரையைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஒயரில் ஏறும் இரைச்சல் 5 மில்லிவோல்ட் என்றால், அரை வோல்ட் சிக்னலுக்கு அது 40 டெசிபெல் கீழே. 4 வோல்ட் தரும் ஸ்டீரியோவில் 58 டெசிபெல் கீழே. முன்னால் பலமாக அனுப்பி, பின்னால் கெயினைக் குறைத்தாலே பாதி கார்களில் பேச்சு முடிந்துவிடும்.

கார்களும் மாறிவிட்டன. இன்று ஷோரூமிலிருந்து வரும் தொடுதிரையைக் கழற்ற யாரும் துணிவதில்லை, வாரன்டி பயம். ஒயரை வெட்டாமல் கப்ளர் வழியாக ஸ்பீக்கர் சிக்னலையே எடுத்து ஆம்ப்புக்குக் கொடுக்கிறார்கள். அந்த ஸ்பீக்கர் ஒயர்கள் இரண்டுமே ஏறக்குறைய 6, 7 வோல்ட்டில் மிதப்பவை, எர்த் கிடையாது. பழைய பழக்கத்தில் மைனஸைப் பாடியில் கொடுத்தால் திரையோடு சேர்ந்த ஆம்ப் புகைந்துவிடும். மறுபக்கம், இரண்டு ஒயர்களின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டிலும் பொதுவாக வருவதைத் தள்ளிவிடும் வகையில் சிக்னல் வாய் அமைந்த ஆம்ப்கள் கிடைக்கின்றன. எர்த் வித்தியாசம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தடித்த ஒயருக்கும் மினுமினுக்கும் ஒரு ஃபேரட் கெப்பாசிட்டருக்கும் கொட்டும் பணத்தை இப்படிப்பட்ட ஆம்ப்பில் போடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

2001-இல் ரேவா மின்கார் ஓடத் தொடங்கிய ஊரில் மின்கார்களைப் பேசாமல் விட முடியாது. மின்காரில் ஆல்டர்னேட்டர் இல்லை. உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டர், விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. அது காதுக்கு எட்டாத வேகம், ஆனால் மீடியம் வேவ் ரேடியோவுக்கு எட்டும். பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகள் முதல் பலி. இந்தத் தொல்லையைக் காட்டித்தான் வெளிநாட்டில் சில நிறுவனங்கள் தங்கள் மின்கார்களில் ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்டன. “கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க சார்” என்று கேட்டு விசிலைப் பிடிக்கும் தெருவின் பரிசோதனை இங்கே செல்லாது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கம் கை போகவே கூடாது. காதை மட்டும் நம்பிய வைத்தியம் மீட்டரைக் கையில் எடுத்தே தீர வேண்டிய இடம் இது.

இத்தனைக்கும் பிறகு ஃபில்டர் ஏன் ஜெயிக்கிறது? அறியாமை பாதிக் காரணம்கூட இல்லை. ஜே.சி. ரோட்டில் லாபம் பொருளில்தான். “ஃபிட்டிங் ஃப்ரீ” என்று எழுதிப் போட்ட கடையில் உழைப்புக்கு விலையே இல்லை. ஃபில்டருக்குப் பில் போடலாம். ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கி, செல்பேசியைச் செருகி, மீட்டர் வைத்து, கடைசியில் ஒரு போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டிய அரை மணி நேரத்துக்கு எப்படிப் பில் போடுவது? “ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குண்ணா காசு?” என்று கேட்பவர்களும் நாம்தான். தேடலுக்குக் கூலி தராத சந்தையில் தேடாமல் மாட்டுகிறவரே பிழைக்கிறார்.

ஆகவே அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன், கடை வாசலிலேயே எஞ்சினை ஓட விட்டு, ஏ.சி., ஹெட்லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, பாட்டை நிறுத்தி, சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றி ஒரு நிமிடம் காது கொடுங்கள். விசில் கேட்டால், ஃபில்டரை எடுக்கும் முன் ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரத்துக்குத் தனியாகக் கூலி கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.